நான் கொட்டிய டீ

நைனா போய் இன்னும் முப்பது நாள் முடியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். நான் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டுமாம். நைனா எப்படி ஆண்டவரிடம் வந்தார் என்று உனக்குத்தான் நன்றாகத் தெரியும், அன்றைக்குக் கூடவே இருந்தவள் நீதானே என்கிறாள் அம்மா. கூடவே இருந்தேன் என்பது உண்மை. அதுதான் சங்கடம்.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஷூ கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து ஏழு வருஷம் ஆகிறது. அங்கே மிஷின்தான் பேசும். அதனால் நடந்ததை முதலில் எழுதிப் பார்க்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆம்பூருக்கு வெளியே ரயில் லைன் ஓரம் ஷீட் போட்ட வீடு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் தோல் பதனிடுகிற ஷாப்பில், தோலைச் சாயத்தில் போட்டுச் சுழற்றும் டிரம் ஓட்டுகிறவர். எத்தனை சோப்பு போட்டாலும் அவர் விரல் நுனியில் ஒரு நீலம் போகாது. அம்மா ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிற பசை, சொல்யூஷன் என்பார்கள், அதைத் தடவுகிறவள். அந்த சொல்யூஷன் நெடியாலோ என்னவோ, அவளுக்கு இழுப்பு வந்தது. மழைக்காலத்தில் அவள் மூச்சு விசில் அடிக்கும். பக்கத்தில் படுத்திருக்கும் எனக்கு அந்த விசில் கேட்டால்தான் தூக்கம் வரும். நின்றுவிட்டால் பயந்து விழித்துக்கொள்வேன்.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மாதான் எங்களை ஜெப வீட்டுக்கு அழைத்துப் போனவள். ஒரு தரம் வெளியூரிலிருந்து ஊழியக்காரர் ஒருவர் வந்து மூன்று நாள் கூட்டம் நடத்தினார். விசுவாசம் இருக்கிறவர்கள் மருந்து மாத்திரையைக் கொண்டுவந்து இந்த மேடைப் படியில் வைத்துவிட்டுப் போங்கள், திரும்பி எடுக்காதீர்கள் என்றார். ஜனங்கள் வரிசையாகப் போய் வைத்தார்கள். ஒரு தாத்தா மூக்குக் கண்ணாடியை வைத்துவிட்டு, வழி தெரியாமல் வேறு யாரோ குடும்பத்தோடு போய் உட்கார்ந்தார். அம்மா வாயில் அடிக்கிற மருந்தையும் மாத்திரை அட்டையையும் வைத்தாள். பெரியம்மா மட்டும் சுகர் மாத்திரையை வைக்கவில்லை. கேட்டதற்கு, எடுத்துக்கொண்டு வர மறந்துவிட்டேன் என்றாள். மறுநாளும் மறந்தாள்.

நைனா எந்தக் கோயிலுக்கும் போகாதவர். ஆடி மாசம் கூழ் ஊற்றினால் குடிப்பார், அவ்வளவுதான். விஷயம் தெரிந்ததும் குதித்தார்.

"வெச்சத போய் எடுத்துட்டு வா."

"எடுக்கக் கூடாது. ஒப்புக்குடுத்தாச்சு."

"உங்க சாமிக்கு இழுப்பா இன்னா? அது எதுக்கு மாத்திர துன்னுது?"

"வாய அடக்கு. கொழந்த கேக்குது."

"கேக்கட்டும். ஆத்தாளுக்கு மூச்சு நின்னா அதுக்குத்தான் பேஜார்."

இரண்டு நாள் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாவது நாள் காலையில் எழுந்து பார்த்தால் அடுப்பு முன்னால் நைனா நிற்கிறார். டீ போட்டுக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் எங்கள் வீட்டு டப்பாக்களில் எதில் சர்க்கரை, எதில் உப்பு என்றே அவருக்குத் தெரியாது. இஞ்சி தட்டிப் போட்டு, சர்க்கரையை அள்ளிக் கொட்டி, அம்மா படுத்திருந்த பாய்க்கே கொண்டுவந்து கொடுத்தார்.

அன்றிலிருந்து தினமும் அவர் டீதான். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா பாப்பா, ஜெபத்துக்குப் பலன். ஆண்டவரு உங்க நைனாவையே அடுப்பாண்ட நிக்க வெச்சிட்டாரு."

இழுப்பும் குறைந்தது. மருந்தே இல்லாமல் மூன்று மாசம். அம்மா ஜெப வீட்டில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். எங்களைக் கூட்டிப்போக வந்த நைனா வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே நடப்பது ஸ்பீக்கரில் வெளியேயும் கேட்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நைனா தலையைக் குனிந்துகொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

பெரியம்மாவுக்கும் பிடிக்கவில்லை. சந்தேகம் அவளுக்கு மூக்குக்கு மேலேயே இருக்கும். ஒருநாள் என்னைத் துணி துவைக்கிற கல் பக்கம் இழுத்துப்போனாள்.

"உங்கொப்பன் எதுக்குடி டீ போடறான்?"

"அம்மாவுக்கு."

"அது தெரியுது. பதினோரு வருசமா தண்ணி மோந்து குடிக்காதவன் இப்ப எதுக்குப் போடறான்? ஒருத்திய கழட்டி உடணும்னா இப்பிடித்தான் கொஞ்ச ஆரம்பிப்பானுங்க. நீ ஜெபம் பண்ணும்போது ஒரு கண்ண தொறந்தே வெச்சிக்க."

சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள். திறந்த கண்ணோடு நான் மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் போர்வைக்குள்ளிருந்து பார்த்தேன். நைனா திரும்பிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். அதிலிருந்ததை அம்மிக்கல் ஓரத்தில் வைத்து, டம்ளர் அடியால் நசுக்கினார். வெள்ளைப் பொடி. அதை அம்மாவின் டம்ளரில் போட்டு, விரலாலேயே கலக்கி, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். எனக்கு ஊற்றிய டீயில் போடவில்லை.

டிவி சீரியலில் அந்த வாரம்தான் ஒருத்தி பாலில் இப்படிப் பொடி கலந்திருந்தாள். குடித்தவர் வெள்ளிக்கிழமை செத்துப்போனார். எனக்கு வேறு யோசனையே வரவில்லை.

யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் நம்ப மாட்டாள். பெரியம்மாவிடம் சொன்னால் தெருவே கூடிவிடும், நைனாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும். நைனாவும் எனக்கு வேண்டும். அதனால் ஜெபம் பண்ணினேன். முழங்கால் போட்டு, அழுது, அம்மா பண்ணுவது போலவே பண்ணினேன். நைனா கையிலிருந்து டம்ளர் தவறி விழ வேண்டும், அது மட்டும் போதும் என்று கேட்டேன். இரண்டு நாள் பார்த்தேன். டம்ளர் விழவில்லை. அம்மா கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு, இஞ்சி ஜாஸ்தி என்றாள்.

ஆண்டவர் மேலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவர் செய்கிற ஆள் இல்லை, நாம்தான் செய்ய வேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

மூன்றாம் நாள், "நான் குடுக்கறேன் நைனா, நீ கெளம்பு, ஷிப்ட்டுக்கு நேரமாச்சு" என்றேன். அவர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார். நான் டம்ளரைப் பின்பக்கம் எடுத்துப்போய் சாக்கடையில் கொட்டி, கழுவி, என் பங்கு டீயை அதில் ஊற்றி அம்மாவிடம் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். இப்படி ஐந்து நாள். ஐந்து நாளும் நான் டீ இல்லாமல் பள்ளிக்கூடம் போனேன். அம்மாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே திமிர். வகுப்பில் யார் அடித்தாலும் வலிக்கவில்லை.

நான்காம் நாளே விசில் திரும்பிவிட்டது. விஷம் முன்னாலேயே உள்ளே போனது இப்போது வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் நல்ல மழை. பகல் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் நைனா பள்ளிக்கூடத்துக்கே வந்து என்னை வண்டியில் ஏற்றினார். கம்பெனியில் சொல்யூஷன் டேபிள் மேலேயே அம்மா சாய்ந்துவிட்டாளாம். உதடெல்லாம் நீலமாகிவிட்டதாம். கம்பெனி வண்டியிலேயே வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வழியெல்லாம் மழை முகத்தில் அடித்தது. நான் அவர் முதுகில் முகத்தை வைத்து, இந்த ஆளை நம்பலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் அம்மாவை உள்ளே வைத்திருந்தார்கள். சின்ன வயசு டாக்டர் ஒருவர் வெளியே வந்தார்.

"வீசிங் பழசா? மாத்திர எதாச்சும் போடறாங்களா?"

நைனா சுற்றிப் பார்த்தார். பெரியம்மா இன்னும் வந்து சேரவில்லை. சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"இதான் சார். அவளுக்குத் தெரியாது. வேணாம்னு ஜெப வீட்ல வெச்சிட்டு வந்துட்டா. பழைய சீட்ட காட்டி நான் வாங்கி டெய்லி டீல கலந்து குடுக்கறேன். மூணு மாசமா ஒரு நாள் உடல."

டாக்டர் மாத்திரையைப் பார்த்தார்.

"ஒரு நாள் உடாம குடுத்திருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காதேப்பா."

"சத்தியமா குடுத்தேன் சார். நேத்தும் குடுத்தேன். இன்னிக்கும் குடுத்தேன். பாப்பாவ கேளுங்க, அதான் எடுத்துனு போய் குடுத்துச்சு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றுதான் ஆட்டினேன்.

வராந்தாவில் கூட்டம். ஒரு ஓரமாக, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நைனா உட்கார்ந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் உதடு அசைந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. ஜெபம் பண்ணுகிற மாதிரி அவர் கண்ணை மூடவும் இல்லை, கை கூப்பவும் இல்லை. எதிர் சுவரைப் பார்த்து, தோல் ஷாப்பு மேஸ்திரியிடம் நியாயம் கேட்கிற குரலில் பேசினார்.

"யோவ், எனக்கு உன்ன எப்பிடிக் கூப்புடறதுன்னுகூடத் தெரியாது. மறைச்சுதான் குடுத்தேன். அது தப்புன்னா என்னத் தூக்கிக்கோ, அவ இன்னா பண்ணா? மருந்து நல்ல மருந்து. நான் சரியாத்தான் குடுத்தேன். அப்பறம் ஏன் வேல செய்யல? அத மட்டும் சொல்லு."

சொல்லிவிட்டு நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, யாரோ மெதுவாகப் பேசினால் காதில் விழ வேண்டும் என்பது போல.

ஐந்து நாளாக நான் கொட்டியது மருந்து. அடி விழும். அம்மா செத்தால் நான்தான் கொன்றேன் என்பார்கள். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மா கண் திறந்தாள். எங்கள் சபைப் பாஸ்டர் வந்து பார்த்தார். அவர் நல்ல மனிதர். மருந்தும் ஆண்டவர் கொடுத்ததுதான் தங்கச்சி, போட்டுக்கோ என்று அம்மாவிடம் சொன்னார். அந்த வெளியூர்க்காரர் பேச்சை அதற்கப்புறம் எங்கள் பக்கம் யாரும் எடுக்கவில்லை. அம்மா மாத்திரைக்குத் திரும்பினாள். நைனா அடுத்த ஞாயிற்றுக்கிழமை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஜெப வீட்டுக்குள் வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தார். பெரியம்மா அழுதேவிட்டாள். தன் ஜெபம்தான் என்றாள்.

சாட்சி சொல்லச் சொன்னபோது நைனா எழுந்து நின்றார்.

"டீல மாத்திர கலந்து குடுத்தேன். மூணு மாசம் வேல செஞ்சுது, அப்பறம் செய்யல. ஏன்னு கேட்டேன். இன்னும் பதில் வரல. வர்ற வரைக்கும் வந்துனு இருப்பேன்."

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா, "இஞ்சின்னு நெனச்சி மூணு மாசம் கசப்ப குடிச்சிருக்கேனே, பாவி மனுசா" என்றாள். சபையே சிரித்தது. பாஸ்டரும் சிரித்தார். மருந்து தோற்ற இடத்தில் ஆண்டவர் உன்னை அழைத்திருக்கிறார், அதுதான் பதில் என்றார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நைனா சொல்லவில்லை. உட்கார்ந்துகொண்டார்.

பதினான்கு வருஷம் அதே கடைசிப் பாய். ஒரு வாரம் தவறவில்லை. பாட மாட்டார், கை தட்ட மாட்டார், எதுவும் கேட்க மாட்டார். எனக்குப் பதினாறு வயதில் ஒரு தரம், "நைனா, நீ இன்னாதான் ஜெபம் பண்ற?" என்று கேட்டேன்.

"ஒரு தபா ஒண்ணு கேட்டேன். அதுக்கே பாக்கி கெடக்குது. மேல மேல இன்னாத்தக் கேக்கறது?" என்றார்.

அப்போதும் என் வாய் வரைக்கும் வந்தது. உடைத்துச் சொன்னால் அவர் ஜெப வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவாரோ, அம்மா என் முகத்தைப் பார்ப்பாளோ மாட்டாளோ என்று விழுங்கிவிட்டேன். போன மாசம் ஷிப்ட்டு முடிந்து வந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தார். டாக்டரும் இல்லை, வராந்தாவும் இல்லை. முடிந்துவிட்டது.

அடக்கத்தில் பாஸ்டர் அந்தக் கதையைத்தான் சொன்னார். ஆண்டவர் மருந்தை நிறுத்தி மனிதனைப் பிடித்தார் என்றார். நிறுத்தியது யார் என்று எனக்குத் தெரியும். அந்த ஐந்து நாளும் ஆண்டவர் என் கையைப் பிடித்துக் கொட்ட வைத்தார் என்றால், அம்மாவின் உதடு நீலமானதும் அவர் வேலைதானா? எனக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை. ஜெபத்தின்போது இன்றைக்கும் ஒரு கண் திறந்தேதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நான் என்ன சொல்லப்போகிறேனோ தெரியாது. ஆண்டவர் நைனாவோடு பேசினார் என்று அவர்கள் சொல்வார்கள். அந்த வராந்தாவில் யாரும் பேசவில்லை. நான் அங்கேதான் இருந்தேன். நைனா கேட்டார், தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார், பக்கத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். மேலேயிருந்து ஏதாவது குரல் வந்துவிடுமோ, என்னைக் காட்டிக் கொடுத்துவிடுமோ என்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல அங்கே நிறுத்தப்பட்டவள் நான்தான் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.