லோயருக்கு ஒரு பெட்டிசம்

நேற்று பலாங்கொடையில் பஸ் ஏறியபோது பக்கத்து சீட்டில் ஓர் இளம் வக்கீல் உட்கார்ந்திருந்தார். மடித்து மடியில் வைத்திருந்த கறுப்புக் கோட்டிலிருந்து பூச்சி உருண்டை வாசம். டிரைவர் தலைக்கு மேலிருந்த டிவியில் செய்தி ஓடியது. கிரிக்கெட் வீரர்கள் மறுபடியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்களாம். ஆனால் ஒரு வீரரைக் கூடக் காட்டவில்லை. கோர்ட் வாசலில் நின்று இரண்டு கறுப்புக் கோட்டுக்காரர்கள் மாறி மாறிப் பேசினார்கள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "லோயர்லா தமய் தென் கஹன்னே" என்று சிங்களத்தில் சொன்னார். இப்போது அடித்து ஆடுவதெல்லாம் லோயர்மார்தான் என்று அர்த்தம். பஸ்ஸே சிரித்தது. பக்கத்து சீட்டுக்காரர் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பாவம், அவர் ஏதோ காணி வழக்குக்குப் போய் வந்தவராக இருக்கும்.

நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பூச்சி உருண்டை வாசம் என்னை விடவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் அலுமாரியைத் திறந்தால் இதே வாசம்தான் வரும். டைப்ரைட்டர் ரிப்பன், கார்பன் பேப்பர், கரப்பான் தின்ற பழைய ஃபைல்கள். நான் அங்கே சின்னக் கிளாக்கராகச் சேர்ந்த புதிது. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன் என்பதில் எனக்குத் தலை கால் புரியவில்லை. லயத்துச் சனத்துக்கோ நான் ஒரு வேலைக்குத்தான் உதவினேன். பெட்டிசம், அதாவது மனு, எழுதுவது. கூரை ஒழுகுகிறது, தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள்.

எங்கள் பெட்டிசத்துக்கு ஒரு முறை உண்டு. கீழே கையெழுத்தை வரிசையாகப் போட மாட்டோம், வட்டமாகப் போடுவோம். வரிசையாகப் போட்டால் முதல் பெயர்க்காரன்தான் தூண்டிவிட்டவன் என்று பிடித்துக்கொள்வார்கள். வட்டத்தில் யாரைப் பிடிப்பது? நம்மாள்களின் மூளையை லேசாக நினைத்துவிடாதீர்கள்.

புஷ்பராணி அக்கா எங்கள் லயத்தில் மூன்றாவது காம்பரா, மூன்றாவது அறை. கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி, கிரிக்கெட்டில் அதைவிட. மேட்ச் நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில்தான் டிவி ஓடும். தொட்டிலில் தூங்கும் குழந்தைகளுக்குப் பக்கத்தில் சத்தம் போடாமல் கை தட்டுவதற்கு நாங்கள் பழகியிருந்தோம். அக்காவுக்கு ஒரு வேகப்பந்து வீச்சாளர் என்றால் உயிர். "ஓடி வந்து போடுறத டிவியில காட்டுறான். போட்டுட்டு திரும்பி நடந்து போறதக் காட்ட மாட்டேங்குறான் தம்பி. வெயிலுல வேல செய்யுற ஆளு, எப்படி நடந்து போறாருன்னு நேர்ல பாக்கணும்" என்பாள்.

அந்த வருஷம் அதற்கு ஒரு வழி பிறந்தது. கண்டியில் ஞாயிற்றுக்கிழமை மேட்ச். லயத்துப் பொடியன்கள் ஒரு பஸ் பேசினார்கள். டிரைவருக்குப் பின்னாலிருந்த சீட் அக்காவுக்கு. ஞாயிறு போய் செவ்வாய்க்கிழமை அவள் குவைத்துக்கு ஏற வேண்டும், வீட்டு வேலைக்கு. பாஸ்போர்ட் ஏஜென்ட் கையில் இருந்தது. ஆக, அவளுக்கு அந்த ஒரு மேட்ச்தான்.

அப்போதுதான் வீரர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள். கையெழுத்து இல்லையென்றால் மேட்ச்சும் இல்லை. கடைத்தெருவில் அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டியவர்கள் நிறைய. அக்கா ஒருநாளும் திட்டவில்லை. "காயம் பட்டா யாரு பாக்குறதுன்னு கேக்குறாங்க. அது தப்பா? நாம கேக்கலையா?" என்று அவர்கள் பக்கமே நின்றாள். அவளுக்கு எரிச்சலெல்லாம் லோயர்மார் மேல்தான். தோட்டத்தில் வேலைநிறுத்தம் என்றால் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் எல்லோரும் கூடி நிற்போம். தொழிற்சங்கத் தலைவர் ஆபீசுக்குள் போவார், வெளியே வந்து சொல்வார், நாம் கத்துவோம், திரும்பப் போவார். பொழுது சாய்வதற்குள் மேனேஜர் துரையின் முகத்தைப் பார்த்தே முடிவு தெரிந்துவிடும். இங்கேயோ இரண்டு பக்கமும் லோயர், லோயருக்கு லோயர் கடிதம், கடிதத்துக்கு நாள் கேட்டுத் தவணை. "துரையும் கேப்டனும் ஒரு மேசையில உக்காந்தா ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்துல முடியும். நடுவுல இவங்க எதுக்கு?" என்று கேட்டாள். கிரிக்கெட் சபைத் தலைவருக்கு அவள் வைத்த பெயர் துரை.

"பெட்டிசம் போடு தம்பி" என்றாள்.

போட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் பேசி முடிக்கச் சொல்லி, பேப்பரில் பெயர் வந்த இரண்டு தரப்பு லோயர்மாருக்கும் இங்கிலீஷில், கார்பன் வைத்து. கூரைக்கு எழுதிய பழைய பிரதியைப் பார்த்து அடித்ததில், 'மழைக்காலம் தொடங்குமுன் ஆவன செய்யவும்' என்ற வரியும் கூடவே வந்துவிட்டது. வட்டமாக முப்பது கையெழுத்துக்கு மேல். ஆபீஸ் உத்தியோகத்தன் என்பதால் என் பெயரை நான் போடவில்லை. என் வீரம் அவ்வளவுதான்.

ஞாயிறு வருவதற்கு நான்கு நாள் முன்பு பதில் வந்தது. தோட்டத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் ஆபீசுக்குத்தான் வரும். பெரிய கிளாக்கர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே அக்காவின் பெயர். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. வட்டத்தில் எல்லோரும் தமிழில் போட்டிருக்க, பாஸ்போர்ட்டுக்காகப் பழகிய இங்கிலீஷ் கையெழுத்தை அக்கா மட்டும் ஆசையாகப் போட்டிருந்தாள். கொழும்பு லோயருக்கு வாசிக்க முடிந்தது அந்த ஒரு பெயர்தான்.

புஷ்பத்துக்கு லோயர் நோட்டீஸ் வந்திருக்கிறது என்ற செய்தி, நான் ஆள் அனுப்புமுன்பே அவள் கொழுந்து எடுக்கும் மலைக்குப் போய்விட்டது. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு ஓடிவந்தாள். "கேஸ் போட்டுட்டாங்களா தம்பி? ஏர்போட்டுல மறிப்பாங்களா? நான் போவலன்னா வீட்டுல என்ன செய்யுறது?" என்று கேட்டாள். என் பெயரையும் இங்கிலீஷில் போட்டிருந்தால் அந்த உறை என் மேசைக்கு வந்திருக்கும்.

வாசித்துக் காட்டினேன். நல்ல மரியாதையான கடிதம். அவர் வீரர்களின் லோயர். உங்கள் அக்கறைக்கு நன்றி, ஆனால் நீங்கள் இந்த விவகாரத்தில் ஒரு தரப்பு அல்ல, ஆகவே உங்களோடு இதைப் பற்றிப் பேச இயலாது என்று எழுதியிருந்தார். நியாயமாகச் சொன்னால், நான் எழுதிய எத்தனையோ பெட்டிசங்களில் பதில் வந்தது இது ஒன்றுக்குத்தான். அந்த மனிதரைத் திட்ட எனக்கு இன்றும் வாய் வருவதில்லை.

கேஸ் இல்லை என்று தெரிந்ததும் அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கோபம் வந்தது. "தரப்பு இல்லியா? நாங்க பாக்கலன்னா அவங்க யாருக்கு வெளாடுறாங்களாம்?" என்றாள். பெரிய கிளாக்கர் கூடச் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிறு மேட்ச் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அக்கா போனாள். வியாழக்கிழமை சமரசம் ஆயிற்று. வீரர்கள் கேட்டது கிடைத்தது, எங்களுக்கும் சந்தோஷம்தான். அடுத்த மாதம் மேட்ச் வைத்தார்கள், பஸ்ஸும் போனது. நான் போகவில்லை. டிரைவருக்குப் பின்னால் அக்கா இல்லாத சீட்டைப் பார்த்துக்கொண்டு எப்படிப் போவது?

அக்கா திரும்பி வர ஒன்பது வருஷம் ஆனது. அதற்குள் அந்த வீச்சாளர் ஓய்வு பெற்றுவிட்டார். பிள்ளைக்காம்பரா டிவி போய்விட்டது. இப்போது ஆளுக்கொரு போனில், ஆளுக்கொரு மூலையில் மேட்ச் பார்க்கிறார்கள். பெரட்டுக்களத்தில் கூடி நின்று கத்த அந்த அளவு ஆளும் இல்லை. பாதிப் பேர் கொழும்புக் கடைகளிலும் கார்மென்ட்டிலும்.

நேற்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அக்கா வீட்டுக்குத்தான் போனேன். டிவியில் பார்த்ததைச் சொல்லி லோயர்மாரைக் கொஞ்சம் தாளித்தேன். அவள் பிளேன்டீயை நீட்டிக்கொண்டே, "பொடியனுங்க கேக்குறது நியாயமா இருந்தா கையெழுத்துப் போட வேணாம்" என்றாள். இன்னமும் அவர்கள் பக்கம்தான்.

அவளைத் தேற்றுவதாக நினைத்து, "ஒரு மாசத்துல எல்லாம் சரியாயிரும்க்கா, திரும்ப மேட்ச் வைப்பாங்க. நாம ரெண்டு பேரும் போவோம்" என்றேன்.

"வைப்பாங்க தம்பி. மேட்ச் எப்பவும் வைப்பாங்க" என்றாள். "எனக்கு அந்த ஒரு ஞாயித்துக்கெழமதான் இருந்துச்சு."