தேடுகிற இடத்தில் நிற்பது

அலுவலகத்தில் அவளுக்கு ‘அம்புக்குறி அக்கா’ என்று பெயர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் இணையதளத்தை ஒழுங்கு செய்வது அவள் வேலை. தளத்தைப் பார்க்க வருகிறவர்களின் மவுஸ் அம்புக்குறி திரையில் முதலில் எங்கே போகிறது, எங்கே முட்டிக்கொண்டு திரும்புகிறது என்று குறித்துவைத்து, அதற்கேற்றபடி பக்கங்களை இடம் மாற்றுவாள்.

முதல் பக்கத்தில் தன் போட்டோவும் வாழ்த்துரையும்தான் வரவேண்டும் என்று இயக்குநர் ஒற்றைக்காலில் நின்றார்.

“சார், நெஞ்சுவலியோட வர்றவன் உங்க முகத்தைத் தேடி வரல. டாக்டர் எத்தனை மணிக்கு இருப்பார்னு தேடி வர்றான்.”

வாழ்த்துரை கடைசிக்குப் போனது. எந்தப் பொருளுக்கும் சொந்த இடம் என்று ஒன்று கிடையாது, வருகிறவர் தேடுகிற இடம்தான் அதன் இடம் என்பது அவள் கட்சி.

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற கணவருக்கு மறதி நோய் வந்தது. அவள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கினாள். கட்சியும் கூடவே வீட்டுக்கு வந்தது. இரண்டு வாரம் நோட்டும் கையுமாக அவர் பின்னாலேயே திரிந்தாள். மூக்குக் கண்ணாடியை அவர் ரொட்டி டப்பாவில் தேடினார், பதினோரு தடவை. மூக்குக் கண்ணாடி ரொட்டி டப்பாவுக்குக் குடிபோனது. செருப்பு சலவை இயந்திரத்தின் மேல் ஏறியது.

மகனுக்குப் பொறுக்கவில்லை. “அப்பாவைத் திருத்தாம, நீயும் சேர்ந்து கூத்தடிக்கிறியேம்மா!”

“வர்றவங்களைத் திருத்த முடியாதுடா. வழியைத்தான் மாத்த முடியும்.”

நோட்டின் கடைசி வரிதான் அவளை உலுக்கிவிட்டது. தேடியது: என்னை. தேடிய இடம்: தெருமுனை பஸ் நிறுத்தம். பதினான்கு நாளும்.

எத்தனையோ வருஷம் அவளை ஐந்து மணி பஸ்ஸிலிருந்து கூட்டி வந்தவர் அவர். இப்போது அவள் பக்கத்து அறையில் இருக்கும்போதே அவளைக் கூட்டிவரக் கிளம்பிவிடுகிறார். கதவைப் பூட்டிப் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடியைக் குத்திக் கையைக் கிழித்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து நாலே முக்காலுக்கு ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போய் நிறுத்தத்தில் நின்றாள். அவர் வந்து, “வந்துட்டியா?” என்று பையை வாங்கிக்கொள்வார். ஏழு மாதம் அது பிசகவில்லை. வேலையில் வாங்கிய பாராட்டெல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு உறைபோடக் காணாது.

பிறகு ஒரு நாள், வந்தவர் அவளைத் தாண்டிப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“என்னங்க…” என்றாள்.

“நீங்களும் யாரையாவது கூட்டிட்டுப் போக வந்தீங்களா?” மரியாதையாகக் கேட்டார். “என் வீட்டுக்காரி இந்த பஸ்லதான் வருவா.”

பஸ் வந்தது, நின்றது, போனது. அவர் தேடுகிற இடத்தில்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள். இனி எங்கே போய் நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நடுத்தெரு என்றும் பாராமல் வாய்விட்டு அழுதாள்.

அவர் பதறி, நகர்ந்து இடம் கொடுத்தார். “அழாதீங்கம்மா. உக்காருங்க. உங்க ஆளும் அடுத்த பஸ்ல கண்டிப்பா வந்துடுவாங்க.”

பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவருமாக அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள்.