தங்கைக்குப் பிரித்த வளவு

செட்டிபாளையத்தில் தாயின் வளவு, வீட்டோடு சேர்ந்த நிலம், மகள்மாருக்கே சேரும். அப்படித் தனக்கு வந்ததை யோகமலர் கயிறு பிடித்து அங்குலம் பிசகாமல் இரண்டாக அளந்துகொண்டிருந்தாள். ஒரு பாதி, ஆணாகப் பிறந்து இன்று தர்மிளாவாக வாழும் தங்கைக்கு.

மாமன் வல்லிபுரம் வேலியோரம் வந்து நின்றார்.

"ஆம்பிளையாப் பிறந்ததுக்கு வளவா, புள்ள? உடம்பு பொய் சொல்லுமா?"

"உடம்பைப் பத்தி டொக்டர்மார் பேசட்டும், மாமா. நான் குவைத்தில நிண்ட நாலு வருசமும் படுக்கையில கிடந்த அம்மாவக் குளிப்பாட்டினது ஆரு? நீங்களா?"

வல்லிபுரம் வேலியைக் கடந்து உள்ளே வந்தார். "எனக்கு இதெல்லாம் விளங்கல்ல," என்றபடி கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார். "கிணறு எந்தப் பக்கம்?"

"தங்கச்சிட பக்கம். அம்மாவுக்குத் தண்ணி அள்ளினது அவள்தானே."