ஏகாம்பரத்துக்கு ஒட்டிய பெயர்

வாலாஜாபாத்தில் மகள் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுக் காலை பஸ்ஸில் காஞ்சிபுரம் வந்து இறங்கினேன். ஏகாம்பரம் இறந்துபோன செய்தியை யாரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. பேருந்து நிலையத்துக் கழிப்பறைச் சுவரில், பசை காயாத சுவரொட்டியில் படித்துத் தெரிந்துகொண்டேன். மாரடைப்பு. முந்தின நாளே எடுத்துவிட்டார்கள்.

அந்தச் சுவரொட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆயுள் முழுக்கக் காக்கி அரைக்கால் சட்டையோடு வண்டிக்கு அடியில் கிடந்த மனிதருக்குக் கோட்டும் டையும் மாட்டியிருந்தார்கள். யாரோ ஒருவனின் உடம்பில் அவர் தலையை ஒட்டவைத்திருந்தான் ஸ்டூடியோக்காரன். பக்கத்திலேயே அதைவிடப் பெரிதாகப் பட்டு முதலாளி கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். நகராட்சித் தேர்தல் வருகிறதல்லவா, துக்கத்திலும் பல் தெரிய வேண்டும். இதெல்லாம் போகட்டும். இறந்தவரின் பெயரை எப்படிப் போட்டிருந்தார்கள் தெரியுமா? ‘அட்டை’ ஏகாம்பரம். அந்த அட்டையைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். அவர் மெக்கானிக். ஒரே கொட்டகையில் பதினெட்டு வருஷம். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது உதறுகிறது என்று பழைய அம்பாசிடர் ஒன்று வந்தால் எங்கள் இருவருக்கும் சண்டை தொடங்கிவிடும். நான் ஸ்பார்க் சரியில்லை என்பேன். அவர் காற்று, பெட்ரோல் கலவை சரியில்லை என்பார். என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "யோவ் கரன்ட்டு" என்றுதான் கூப்பிடுவார். பத்துக்கு ஏழு முறை அவர் சொன்னதே சரியாக இருக்கும். எனக்கு அதில் எரிச்சல்தான், இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் தன் வண்டியைக் கொண்டுவருவார். வந்து இறங்குவதற்குள் நோயும் அவரே சொல்லி மருந்தும் அவரே சொல்வார். பிளக் போச்சு, வால்வு போச்சு, இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் கீறல் என்று பாடமே நடத்துவார். ஏகாம்பரம் ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், நீங்க பேசினது போதும். கொஞ்சம் வண்டி பேசட்டும்பா." பிறகு பானெட்மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, அது தளும்புவதைச் சற்று நேரம் பார்த்தார். சைலன்சர் வாயில் பழைய பஸ் டிக்கெட்டைப் பிடித்தார். டிக்கெட் ஒரே சீராகப் படபடத்தால் வால்வு நன்றாக இருக்கிறது, நடுவில் உள்ளே இழுத்தால் வால்வு சரியாக மூடவில்லை. மீட்டரும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது.

அதன் பிறகுதான் ஒயரில் கை வைப்பார். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் நான்கு பிளக் ஒயர்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டுவார். நல்ல சிலிண்டரின் ஒயரைப் பிடுங்கினால் எஞ்சின் தடுமாறும். ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டர் என்றால் எந்த மாற்றமும் தெரியாது. அவர் அதைச் சொல்லும் விதமே வேறு: "எந்த ஒயரப் புடுங்கினா வண்டி வருத்தப்படலயோ, அந்த வூட்லதான் எழவு வுழுந்துகீது." வாத்தியார் இதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வைகாசி, கருட சேவை. கடைகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. ஏகாம்பரம் முசரவாக்கத்தில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். பட்டு முதலாளியின் அம்பாசிடரை டிரைவர் தள்ளிக்கொண்டு வந்தார். கார்புரேட்டரில் பெட்ரோல் வழிகிறது, இரண்டு நாளில் மாப்பிள்ளை வீட்டார் முதலாளி வீட்டுப் பெண்ணைப் பார்க்க வருகிறார்கள், வண்டி உடனே வேண்டும் என்றார். ஏகாம்பரம் வரட்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் இந்த வேலை தெரியும் என்ற திமிர். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றினேன். அதன் அடியில் இடுக்கு வழியாகக் காற்றுப் புகாமல் அடைக்கும் கேஸ்கட் தாள் இரண்டாகக் கிழிந்து கையோடு வந்தது. புதிது வாங்க அன்றைக்குக் கடை ஏது?

பக்கத்து வீடு என் மச்சானுடையது. தறி வீடு. தறிக்கு மேலே பெட்டியில் சுற்றும் ஜக்கார்டு அட்டையைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சேலையில் மயில் எங்கே, மாங்காய் எங்கே என்று தறிக்குச் சொல்வது அதிலுள்ள ஓட்டைகள்தான். டிசைன் மாறினால் பழைய அட்டை மூலைக்குப் போகும். விசிறிக்கும் அதுதான், ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுக்கவும் அதுதான். கெட்டியான அட்டை. ஓட்டை விழாத ஓரமாகப் பார்த்துக் கேஸ்கட் வெட்ட வேண்டும். நான் அவசரத்தில் நடுவில் வெட்டினேன். விளிம்பில் ஒரு ஓட்டை விழுந்துவிட்டது. கசிவை அடைக்கும் பேஸ்ட் வைத்து அடைத்தேன். வண்டி கிண்ணென்று ஓடியது, நானும் மார்தட்டிக்கொண்டேன்.

பெட்ரோலில் பேஸ்ட் எத்தனை நாள் நிற்கும்? பெண் பார்க்க வந்தவர்களை அழைத்து வந்தபோது, வாலாஜாபாத் ரயில்வே கேட்டில் நின்ற வண்டி நடுங்கி, இருமி, அணைந்தது. கேட் திறந்த பிறகும் கிளம்பவில்லை. மாப்பிள்ளையின் அப்பா இறங்கித் தள்ளினாராம். மறுநாள் முதலாளி வண்டியோடும் பத்து ஆட்களோடும் எங்கள் கொட்டகை வாசலுக்கு வந்து நின்றார். அதற்குள் ஏகாம்பரமும் ஊர் திரும்பியிருந்தார். கேஸ்கட் விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை.

அவர் வழக்கம்போலத் தொடங்கினார். டம்ளர் தண்ணீர் பாதி கொட்டிப்போயிற்று. நான்கு ஒயர்களையும் பிடுங்கிப் பார்த்தார். எதைப் பிடுங்கினாலும் எஞ்சின் ஒரே அளவுக்குத் தடுமாறியது. "நாலு வூட்லயும் ஒரே மாதிரி வருத்தம். அப்போ எழவு வூட்ல இல்லபா, தெருவுல இருக்குது" என்று சொல்லி என்னைப் பார்த்தார். நான்கு சிலிண்டருக்கும் பொதுவாகக் காற்று வரும் வழியில்தான் கோளாறு என்று அர்த்தம். பிறகு எண்ணெய்க் குப்பியை எடுத்து, கார்புரேட்டர் அடியில் சுற்றிலும் சொட்டுச் சொட்டாக விட்டார். ஓரிடத்தில் விட்டதும் எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டது. எஞ்சின் ஒரு கணம் சீராக ஓடிப் பிறகு மறுபடி உதறியது. திருட்டுக் காற்று போகும் வழி அதுதான். எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார். நான்கைந்து முறை என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒவ்வொரு நட்டையும் கழற்ற அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு நான் அவரைப் பார்த்ததில்லை.

அட்டை வெளியே வந்தது. ஓட்டை எல்லோருக்கும் தெரிந்தது. "தறி அட்டையப் போட்டு என் மானத்த வாங்கினது யார்ரா?" என்றார் முதலாளி. நான் டெஸ்ட் லாம்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். ஏகாம்பரம் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "என் கொட்டாயில நடந்த வேல. நான்தான்" என்றார். முதலாளி அவர் காலடியில் காறித் துப்பினார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயே எனக்கு நாறுகிறது.

கூட்டம் போன பிறகு அவர் ஒன்றும் பெருந்தன்மையாகப் பேசிவிடவில்லை. "உன் மூஞ்சப் பாத்தா வாந்தி வருதுபா கரன்ட்டு. நீயா சொல்லுவேன்னு பாத்துக்கினே இருந்தேன். கடைசி நட்டு வரிக்கும் பாத்தேன்" என்றார். அவ்வளவுதான். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் "யோவ் கரன்ட்டு, இந்த இக்னிஷன் காயிலப் பாரு" என்று கூப்பிட்டார். நானும் போய்ப் பார்த்தேன். அந்த விஷயத்தை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. நானும் வசதியாக இருந்துவிட்டேன்.

ஆனால் ஊர் விடவில்லை. பட்டுக் கடை வீதியில் முதலாளி போன இடமெல்லாம் சொல்லி, ஏகாம்பரத்துக்கு ‘அட்டை’ என்று பெயர் ஒட்டிவிட்டது. சன்னிதித் தெரு வண்டிகள் ஒவ்வொன்றாக வருவது நின்றது. கணக்கு வாத்தியார்கூட வேறு இடம் பார்த்துக்கொண்டார். கடைசியில் ஏகாம்பரம் செவிலிமேட்டுப் பக்கம் டிராக்டரும் நெல் மிஷினும் பார்க்கப் போனார். நான் இதே கொட்டகையில், இதே நல்ல பெயரோடு இருந்தேன்.

பதினாறாம் நாள் படத்திறப்புக்கு வந்தவர்களுக்குத் தெரியும், பட்டு முதலாளிதான் திறந்துவைத்தார். "அட்டை எங்க வூட்டுப் புள்ள மாதிரி" என்று மைக்கில் அழுதார். துப்பிய அதே வாய். கை தட்டினார்கள். சீ, துக்க வீட்டில் கை தட்டுகிறார்கள். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்தேன், "நல்ல மனிதர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். முதலாளியைக் காட்டிலும் என்மேல்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

கிளம்பும்போது ஏகாம்பரத்தின் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டார். ஸ்பேனர் பெட்டியின் அடியிலிருந்து எண்ணெய் ஊறிக் கறுத்த ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தார். விளிம்பில் ஓட்டை. "இது உங்களுதுன்னு சொல்லிக்கினு இருப்பாருண்ணா. நீங்க வந்து கேட்டா குடுக்கச் சொன்னாரு. நீங்க எங்க கேட்டீங்க" என்றார். அந்த அம்மாவுக்கு இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது. அவர் குரலில் கோபம்கூட இல்லை. "அவரு போய்ட்டாரு, வுடுங்க. எம் பேரன இஸ்கூல்ல அட்டப் பூச்சி, அட்டப் பூச்சின்னு கூப்புடறானுங்க. சாப்புட மாட்டேன்றான்."

ஆகவே, ஏகாம்பரத்தைத் தெரிந்தவர்களே, அந்தக் கேஸ்கட்டை வெட்டியவன் நான். அட்டை, ஓட்டை, பேஸ்ட் எல்லாம் என் வேலை. அவர் கை பட்ட எந்த வண்டியும் நின்ற இடத்தில் உதறியதில்லை. இதை ரயில்வே கேட்டில் வண்டி தள்ளியவருக்கும் எழுதிப் போட்டுவிட்டேன்.

நேற்று போர்டு எழுதுகிறவரைக் கொட்டகைக்கு வரவழைத்தேன். பழைய பலகையைச் சுரண்டச் சொல்லி, புதிதாக எழுத வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்: ‘அட்டை’ தணிகாசலம், ஆட்டோ எலக்ட்ரீஷியன். அவர் பிரஷ்ஷை டப்பாவிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாண்ணா இது, அது செத்துப்போன மெக்கானிக் பேராச்சே."

"இல்லபா," என்றேன். "என்னுதுதான். அவரு இத்தினி நாளு வச்சினு இருந்தாரு."