கலர் ஏற்றிக் கொடுப்பவள்

செங்கல்பட்டில் யாரும் கருப்பாகச் சாவதில்லை. நம்பாதவர்கள் ராட்டினங்கிணறு பக்கம் போய், கம்பத்தில் கட்டியிருக்கும் ஏதாவது ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்துக்கொள்ளலாம். எழுபது வருடம் வெயிலில் ஏர் ஓட்டியவரும், லாரி ஓட்டியவரும், சூளையில் செங்கல் சுமந்தவரும் இறந்த மறுநாள் காலை பால்கோவா நிறத்தில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பெரியவரின் பேனரைப் பார்த்துவிட்டு அவருடைய சொந்தச் சம்பந்தியே, இது யார் வீட்டுச் சாவு என்று டீக்கடையில் விசாரித்தார்.

இந்த அதிசயத்தைச் செய்கிற கை விஜயகுமாரியுடையது. பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கண்ணாயிரம் வைத்திருக்கும் பிளெக்ஸ் கடையில் பதினோரு வருடமாக அவள்தான் டிசைனர். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். நான் படித்து முடித்துக் கடல் தாண்டினேன். அவள் மூன்று மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து, ஊரில் உள்ள முகங்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்க உட்கார்ந்தாள். என் தம்பி கல்யாண பேனரில் என் முகத்துக்கும் அவள்தான் அடித்தாள். நான் வாட்ஸ்அப்பில் நன்றி சொன்னேன். ஆகவே இங்கே நான் யாரைத் திட்டினாலும் அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

கடைக்கு வருகிறவர்கள் அளவைச் சொல்வதற்கு முன்பே நிறத்தைத்தான் சொல்வார்கள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, வட்டச் செயலாளருக்குப் பிறந்தநாள், எதுவானாலும் "கலர் ஏத்திக் குடும்மா" என்பதுதான் முதல் வாக்கியம். பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டு, அவள் முகத்தைத் திரையில் சுட்டிக் காட்டி, இங்கே ஏற்று, அங்கே தேய் என்று தகப்பன் சொல்வான். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருத்தி இன்னும் தெளிவாகச் சொன்னாள்.

"என் பொண்ணு பாரு, போட்டோவுல அப்படியே உன்ன மாதிரி கீது. கொஞ்சம் நல்லா பண்ணிக் குடு."

அந்த அம்மாள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. காய்கறிக் கடையில் சொத்தைக் கத்தரிக்காயை ஒதுக்கி வைக்கும்போது யாருக்கும் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. விஜயா நல்ல கருப்பு. கன்னத்து எலும்பு கொஞ்சம் தூக்கல், உடம்பும் கொஞ்சம் பூசினாற்போல. அவளும் தலையை ஆட்டிவிட்டு ஏற்றிக் கொடுத்தாள்.

இருபத்தெட்டு வயதில் தரகர் ஜாதகத்தோடு போட்டோ கேட்டார். கையில் மவுஸ் இருக்கிறது, பத்து வருடப் பழக்கம் இருக்கிறது, அம்மாவும் மாமாவும் பின்னால் நின்று ஊக்கம் கொடுக்கிறார்கள். தன்னைத்தானே ஏற்றினாள். தாடையை இழுத்தாள், தோளைக் குறுக்கினாள். கடையில் அவ்வளவு நேர்த்தியான வேலை அதற்கு முன் நடந்ததில்லை என்று கண்ணாயிரமே சொன்னாராம்.

கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு கார் நிறைய வந்தார்கள். விஜயா தட்டில் பஜ்ஜியும் கேசரியும் எடுத்து வந்து ஒவ்வொருவருக்கும் நீட்டினாள். மாப்பிள்ளையின் அத்தை ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டு, அன்பாகச் சொன்னாள்.

"சரிம்மா, போயி பொண்ண வரச் சொல்லு."

அப்பா அப்பாசாமி, சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர், சுழலும் மின்விசிறியை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். அத்தை செல்போனைப் பார்த்தாள், விஜயாவைப் பார்த்தாள், மறுபடி செல்போனைப் பார்த்தாள். ஜாதகத்தில் ஏதோ ஒரு தோஷம் இப்போதுதான் ஞாபகம் வந்ததாகச் சொல்லிக் கிளம்பினார்கள். பஜ்ஜியை மிச்சம் வைக்கவில்லை.

பிறகு குடும்பம் கூடிப் பரிசீலனை செய்தது. படத்தை மாற்றியது தப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. தாய்மாமன் காசிநாதன், மாமல்லபுரம் ரோட்டில் மனை விற்கிறவர், அளவாக ஏற்றியிருக்க வேண்டும் என்று தொழில்நுட்பக் குறை சொன்னார். அவர் நிறம் அடுப்புக்கரி. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆம்பிளை, மனை வேறு விற்கிறார்.

அம்மா கன்னியம்மா அவளைக் கல்யாண வரம் கொடுக்கும் திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போய் மாலையோடு ஒன்பது சுற்று சுற்ற வைத்தாள். சுற்றி முடிந்த கையோடு, நெம்மேலிக்காரி ஒருத்தி நடத்தும் பார்லரில் பெயரில்லாத ஒரு கிரீம் டப்பா வாங்கிக் கொடுத்தாள். ராத்திரி தடவினால் காலையில் பளிச்சென்று ஆகும். ஆனது. மூன்று வாரம் பளிச். நாலாவது மாதம் முகம் முழுக்கப் பரு, கன்னத்தில் பூனைமுடி, தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து சிவந்து, பிளெக்ஸ் மெஷின் பக்கத்துச் சூட்டில் நின்றாலே எரிச்சல். சுடிதார்த் துப்பட்டாவால் கண்ணுக்குக் கீழே எல்லாவற்றையும் மூடிக்கொண்டு வேலைக்குப் போனாள். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

அப்போது நானும் சும்மா இல்லை. ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரின் வீடியோவை அனுப்பினேன். கோட்டு போட்ட அந்த மனிதர், தினமும் கண்ணாடி முன் நின்று 'நான் அழகு, நான் அழகு' என்று இருபது தடவை சொல்லச் சொல்லியிருந்தார். விஜயா ஒன்பது நாள் சொன்னாள். பத்தாம் நாள் குளியலறைக் கண்ணாடியில் பொட்டுகளாக ஒட்டி, முகம் தெரியாமல் மறைத்துவிட்டாள். அந்தப் பேச்சாளருக்கு இருபது லட்சம் பேர் ரசிகர்கள்.

அரசு மருத்துவமனையில் தோல் டாக்டர் டப்பாவை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஸ்டீராய்டு, நிறுத்து, ஆறு மாதம் ஆகும், பொறுத்துக்கொள் என்றார். சொல்லிவிட்டுச் சீட்டு எழுதும்போது, எதற்காகத் தடவினாய் என்று பேச்சுவாக்கில் கேட்டார். விஜயா வரிசையில் இருந்த அறுபது பேர் முன்னால் அழ ஆரம்பித்தாள். டாக்டர் இன்னொரு சீட்டு எழுதி மாடிக்கு அனுப்பினார்.

மாடியில் கவுன்சலர் ஸ்வாதி. விஜயாவைவிட மூன்று வயது சின்னவள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி. பைத்தியத்துக்குப் பார்க்கிற இடத்துக்கு இவள் எதற்குப் போகிறாள், விஷயம் வெளியே தெரிந்தால் எவன் கட்டுவான் என்று காசிநாதன் குதித்தார். பெயரில்லாத டப்பாவுக்கு வராத பயம் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதற்கு வந்தது.

முதல் நாலு வாரமும் விஜயா ஒன்றுக்காகக் காத்திருந்தாள். நீ அழகாகத்தான் இருக்கிறாய் என்று அந்தப் பெண் சொல்லுவாள், அதைக் கேட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று. ஸ்வாதி சொல்லவே இல்லை. ஐந்தாவது வாரம் இவளே கேட்டுவிட்டாள்.

"மேடம், நான் பாக்கறதுக்கு எப்டி கீறேன்? உண்மைய சொல்லிடுங்க."

"நல்லா இருக்கீங்கன்னு நான் சொன்னா, நாளைக்கு பஸ்ஸுல ஒருத்தி இல்லன்னு சொல்லுவா. உங்க மூஞ்சிக்கு மார்க் போடற வேலைய எனக்கும் சேர்த்துக் குடுக்காதீங்க. ஏற்கெனவே ரொம்பப் பேர் போட்டுட்டு இருக்காங்க."

விஜயாவுக்கு அன்று கோபம். பரனூர் டோல்கேட் வரை திட்டிக்கொண்டே போனதாக என்னிடம் போனில் சொன்னாள். ஆனால் அடுத்த வாரமும் போனாள்.

ஸ்வாதி கொடுத்த வேலைகள் பார்க்கச் சாதாரணமானவை. கண்ணாடி முன் இரண்டு நிமிடம் நின்று, இருப்பதை மட்டும் சொல்ல வேண்டும்: நிறம் கருப்பு, புருவம் அடர்த்தி, இடது கன்னத்தில் மச்சம். அசிங்கம், பரவாயில்லை, அழகு, எதுவும் சேர்க்கக் கூடாது. பயப்படுகிற காரியத்தை ஒரு நோட்டில் எழுதி, என்ன நடக்கும் என்று முன்னாலேயே குறித்துவிட்டு, செய்து பார்த்தபின் நடந்ததைப் பக்கத்தில் எழுத வேண்டும். தொடாத படத்தை வாட்ஸ்அப்பில் ஒரு வாரம் வைப்பதென்று முடிவானது. நாற்பது பேராவது கிண்டல் செய்வார்கள் என்று விஜயா எழுதினாள். வந்தவை இரண்டு. ஒன்று சித்தி மகள், உடம்பு சரியில்லையா என்று. இன்னொன்று ஒரு வாடிக்கையாளர், எட்டுக்கு ஆறு பேனர் என்ன ரேட் என்று.

துப்பட்டாவை எடுத்துவிட்டுக் கடையில் உட்கார்ந்த நாளில், வந்தவர்களில் பாதிப் பேர் அவளைப் பார்க்கவே இல்லை. அவர்கள் தங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் பருவைப் பற்றிக் கேட்டார்கள். அதில் ஒருவர் மோசமாகவே பேசினார். அதையும் எழுதினாள். எழுதிவிட்டு, மதியம் சாப்பிட்டாள், சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். செத்துப்போகவில்லை என்று நோட்டில் கடைசி வரி எழுதினாள். ஸ்வாதி கேட்டதெல்லாம் அந்தக் கடைசி வரியைத்தான்.

குணமாகிவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எழுதுகிற கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. எட்டு மாதத்தில் அவளுக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: யாராவது மார்க் போட்டால் வலிக்கும், ஆனால் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. என் கணக்கில் அது பெரிது.

அடுத்த வரன் வந்தபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். கல்யாணம் முடிகிறவரை தன் படத்தை யாரும் தொடக் கூடாது. மீறினால் கல்யாணமே வேண்டாம். கருவாடு காயப்போட்ட மாதிரி ஒரு போட்டோவை அனுப்பினால் எவன் வருவான் என்றார் காசிநாதன். மோகன் வந்தான். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் ஒப்பந்த ஆபரேட்டர். நாள் முழுக்க வெயிலில் வால்வு திறந்து மூடுகிறவன். தட்டை வாங்கிக்கொண்டு, பேச ஒன்றும் தோன்றாமல், "போட்டோல கீற மாதிரியே கீறீங்க" என்றான். தான் எவ்வளவு பெரிய வார்த்தை சொன்னோம் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

கல்யாணம் திருவிடந்தை தாண்டி ஒரு மண்டபத்தில். முதல்நாள் மதியம் மூன்று மணிக்குப் பெண் வீட்டார் வேனில் போய் இறங்கினார்கள். வாசலில் பத்துக்கு எட்டு அடி பேனர், மரச்சட்டத்தில் நிமிர்ந்து நின்றது. காசிநாதன் சொல்லாமல் கொள்ளாமல் மாமல்லபுரத்தில் வேறு கடையில் அடித்து வாங்கியது. நடுவில் மோகன், சந்தன நிறத்தில். பக்கத்தில் ஒரு பெண், பட்டுப்புடவையில், சுண்டினால் ரத்தம் வரும் வெள்ளையில். கீழே இருவரையும்விடப் பெரிதாக, கைகூப்பி, கறந்த பால்போல, 'வருக வருக என வரவேற்கும் தாய்மாமன்'.

விஜயா வேனை விட்டு இறங்கி அதன் முன்னாலேயே நின்றுவிட்டாள். உள்ளே போகவில்லை. மாமாவைக் கூப்பிட்டு, இதை இறக்குங்கள் என்றாள். ஊரே பார்த்து மெச்சப்போகிறது, செலவு செய்தவன் நான், நல்ல நேரத்தில் பேஜாரு பண்ணாதே என்றார் அவர்.

"அப்ப இந்தப் பொண்ணு கழுத்துலயே தாலி கட்டச் சொல்லு மாமா. நான் வேன்ல குந்திகிறேன்."

காசிநாதன் குரலை உயர்த்தினார். இதை இறக்கினால் சீர்த்தட்டோடு இப்போதே கிளம்பிவிடுவேன், தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் எப்படி நடக்கிறதென்று பார்க்கிறேன் என்றார். சொந்தக்காரர்கள் வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டினார்கள். அப்பாசாமி மேலே பார்த்தார். வாசலில் மின்விசிறி இல்லாததால் தென்னை மரத்தைப் பார்த்தார். விஜயா திரும்பி வேனில் ஏறப் போனாள்.

கன்னியம்மா, அந்த டப்பாவை வாங்கிக் கொடுத்தவள், தம்பிக்கு எதிரே போய் நின்றாள்.

"அவ கலரு என் கலருடா. உன் கலரும் அதான். அம்மா வயித்துல நம்ம ரெண்டு பேருக்கும் இன்னா சுண்ணாம்பா அடிச்சாங்க? எடுடா அத்த."

காசிநாதனின் பார்வை பேனரின் கீழ்ப்பாதியில், கைகூப்பி நின்ற தன் படத்தின்மேல் போனது. விஜயாவுக்கு அது புரிந்தது. பதினோரு வருடம் வாடிக்கையாளர்களைப் பார்த்தவள். மேடை அலங்காரம் செய்துகொண்டிருந்தவர்களிடம் ஒரு கட்டர் வாங்கினாள். பட்டுப்புடவை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஸ்டூல் மேல் ஏறி, அந்த வெள்ளைப் பெண்ணைச் சுற்றித் தலை முதல் இடுப்பு வரை சுத்தமாக அறுத்து எடுத்தாள். மோகன் இருந்தான், மாமா இருந்தார், மோகன் பக்கத்தில் ஒரு பெண் அளவுக்கு ஓட்டை. அதன் வழியாகக் கார் நிறுத்துமிடம் தெரிந்தது. அறுத்த துண்டைச் சமையல்காரர்கள் வாங்கிப்போய் அதன்மேல் கோஸ் நறுக்கினார்கள். காசிநாதன் கிளம்பவில்லை. தன் படம் பத்திரமாக இருந்தது.

நாலரை மணிக்கு மோகன் வந்து இறங்கினான். ஓட்டையைப் பார்த்துப் பயந்து, யாரோ வேண்டாதவர்கள் செய்த வேலை என்று நினைத்து, நேராக மணமகள் அறை வாசலுக்கே வந்துவிட்டான்.

"இன்னாங்க இது, உங்க போட்டோவ யாரோ அறுத்துட்டு கீறாங்க?"

"நான்தான் அறுத்தேன். அது நான் இல்ல."

அவன் வெளியே போய்ப் பேனரை இன்னொருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"பக்கத்துல கீறது நானும் இல்லீங்களே. எதுல அறுத்தீங்க? அத்த குடுங்க."

விஜயா கட்டரை எடுத்துக் கொடுத்தாள். மேலேயிருந்து கீழே இழுங்கள், நடுவில் நிறுத்தினால் பிசிறு வரும் என்று தொழில் சொல்லிக் கொடுத்தாள். மாப்பிள்ளை ஸ்டூலில் ஏறினான்.

ஆறு மணிக்கு விருந்தினர் வர ஆரம்பித்தபோது, இரண்டு ஓட்டைகளுக்குக் கீழே, தாய்மாமன் காசிநாதன் மட்டும் தனியாக, பால் வடியும் முகத்தோடு எல்லோரையும் வருக வருக என்று வரவேற்றுக்கொண்டிருந்தார்.