மூடிமேல் உருகாத பனி

பெற்ற மகளைவிடக் கொல்லையில் இறங்கி ஊறுகிற வெந்நீர்த் தொட்டிதான் பெரிது என்று இருப்பவளாம் ஸ்டெஃபா. கூட்டுறவுக் கடையின் காபி மேசையில் டிசம்பர் முழுக்க இதைச் சொல்லிக்கொண்டிருந்தது அடுத்த வீட்டு லொரேன். சொல்லட்டும். சொந்தத் தொட்டியில் பூச்செடி வளர்க்கிறவள் வேறு என்ன சொல்வாள்? நாலு வருடத்துக்கு முன் கிறிஸ்துமஸ் முடிந்ததும் அரிசோனா வெயிலுக்கு ஓடினாள். போகிற அவசரத்தில் தொட்டித் தண்ணீரை இறைத்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். குழாய் வளைவுகளில் தங்கிய தண்ணீர் உறைந்து, பருத்து, அத்தனை குழாயையும் பிளந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அதில் பூச்செடி. எங்கள் ஊரில் அக்டோபரில் தொட்டியை நிரப்பினால் ஏப்ரல் வரை காவல் இருந்தே ஆக வேண்டும். நடுவில் விட்டுப் போகிற கதையே இல்லை.

ஸ்டெஃபா காவல் இருக்கும் விதமே தனி. தொட்டியைச் சுற்றி இரண்டு அடுக்கு வைக்கோல் கட்டு. பம்புப் பெட்டிக்குள் நுரைப் பலகை, பெட்டியின் மேல் அவள் தேவாலயத்துக்குப் போட்டுப்போன கம்பளிக் கோட்டு. தண்ணீரின் மேல் மிதக்கிற குமிழ்த்தாள், அதற்கும் மேலே கனத்த மூடி. காலையில் எழுந்ததும் அவள் பார்ப்பது மூடியைத்தான். அதன்மேல் விழுந்த பனி உருகாமல் கிடந்தால் உள்ளே சூடு பத்திரம். ஓரத்தில் ஒரு விரற்கடை கரைந்திருந்தால் போதும், அன்றைக்கு வாயில் ஒன்றும் போடமாட்டாள். ஒட்டும் நாடாவைத் தூக்கிக்கொண்டு போய் மண்டியிட்டுவிடுவாள்.

"நல்ல கோட்டு அதுக்கு, கிழிஞ்சது எனக்கு. யாராச்சும் வந்தா எது வீட்டுக்காரி, எது தொட்டின்னு கொழம்பிடுவாங்க" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

பனி உருகாததற்கும் லொரேன் ஒரு காரணம் வைத்திருந்தாள்: "மூடியத் தொறந்தாத்தானே உருகும்? கஞ்சப்பிசினாறி!" எங்களுக்கும் வேலை என்ன? ஐந்து மாதம் சன்னல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அடுத்தவர் வீட்டைப் பார்ப்பதுதானே. ஆனால் யாரும் விடிவதற்குள் எழுந்து பார்த்ததில்லை. விடியற்காலையில் பாதி மூடியை மட்டும் மடித்துவிட்டு, தலையில் கம்பளிக் குல்லாயோடு, பூனை மாதிரி உள்ளே நழுவுவாள் ஸ்டெஃபா. சரியாக இருபது நிமிடம்.

அவள் விரல்களைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். முப்பது வருடம் தேவாலயச் சமையலறையில் பெரோகிக் கொழுக்கட்டை செய்தவள். உருளைக்கிழங்கை வைத்து, ஓரத்தை அழுத்தி அழுத்தி மூடிய விரல்கள் இப்போது இஞ்சிக் கிழங்காக முடிச்சுவிட்டுக் கிடக்கின்றன. வெந்நீரில் ஊறினால்தான் சட்டைப் பொத்தான் போட முடியும், கார் ஓட்ட முடியும். இதை அவள் வாய் திறந்து சொன்னதில்லை. கேட்டால், "சோம்பேறிக்கு வெந்நி கேக்குது. காலைல ஊறப்போடலன்னா அப்புறம் வேகமாட்டேன்" என்பாள்.

மகள் லரீசா இருப்பது சஸ்கட்டூன் நகரத்தில். காரில் மூன்று மணி நேரம். முதல் பிரசவம், டாக்டர் படுக்கையை விட்டு எழக்கூடாது என்றிருந்தார். மருமகனுக்கு வடக்கே சுரங்கத்தில் வேலை, போனால் இரண்டு வாரம்.

"அம்மா, வந்து ஒரு பத்து நாளாவது இரேன்."

"குளிர் கொஞ்சம் விடட்டும்டி. பம்பு நின்னா பாக்க ஆள் இல்ல."

"ஒனக்கு மூத்த பொண்ணு அந்தத் தொட்டி. நான் ரெண்டாவது."

"அது அழாது. நீ அழுவ."

சிரித்துக்கொண்டேதான் போனை வைப்பாள். பிறகு மடியில் கிடக்கும் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். தொட்டி பிளந்தால் இன்னொன்றுக்கு வழியில்லை. விரல் மடங்காதவள் பேரப்பிள்ளையை எப்படித் தூக்குவாள்? அந்தக் குழந்தைக்காகத்தான் தொட்டியைக் காத்தாள். தொட்டியைக் காத்ததால்தான் போகாமலும் இருந்தாள். கெட்டிக்காரத்தனம் என்று அவள் நினைத்துக்கொண்டது அதைத்தான்.

ஜனவரியில் ஒரு காலை, பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தெட்டு டிகிரி. பம்பு சத்தமில்லாமல் நின்றிருந்தது. பழுது பார்ப்பவன் மறுநாள்தான் வருவேன் என்றுவிட்டான். தொட்டித் தண்ணீர் ஒரு நாள் சூடு தாங்கும். பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய குழாய் தாங்காது. ஸ்டெஃபா அன்றைக்குத் தண்ணீரில் ஊறவுமில்லை. வைக்கோலில் உட்கார்ந்து, விரல் மடங்காததால் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே ஹேர் டிரையரை இடுக்கி, குழாய்க்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தாள்.

லொரேன் வேலிக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "என்ன ஸ்டெஃபா, தொட்டிக்கு முடி காயவைக்கறியா?"

"ஆமா. கல்யாணத்துக்குக் கெளம்புது. நீ ஒன் தொட்டில பூப் பறிச்சிட்டு வா."

அப்போது ஸ்டெஃபாவின் பையில் போன் அடித்தது. அவளால் எடுக்க முடியவில்லை. லொரேன்தான் எடுத்து அவள் காதில் வைத்துப் பிடித்தாள். லரீசாவின் குரல் இருவருக்குமே கேட்டது.

"அம்மா, வலி வந்துடுச்சு. அஞ்சு வாரம் முன்னாடியே. ஆம்புலன்ஸ்ல போயிட்டிருக்கேன். ஒண்ணும் பயமில்ல, நீ தொட்டியப் பாத்துக்கோ."

அந்தக் குரலில் குத்தல் துளியும் இல்லை.

ஸ்டெஃபா எழுந்தாள். டிரையரை லொரேனின் கைகளுக்குள் திணித்தாள்.

"ஐயோ, எவ்வளவு நேரம் பிடிக்கணும்? எங்க காட்டணும்?"

ஸ்டெஃபா மூடியைத் தோளால் முட்டி முழுவதுமாகத் தள்ளினாள். சட்டைக் கையைப் பல்லால் இழுத்து ஏற்றிவிட்டு, முழங்கைவரை இரு கைகளையும் தண்ணீருக்குள் விட்டாள். ஆவி அவள் முகத்தை மறைத்தது. லொரேன் ஏதேதோ கேட்டுக்கொண்டேயிருந்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக இளகி மடங்கின.

ஈரத்தோடு குளிரில் நிற்க முடியாது. துடைக்கத் துணி தேடவும் அவளுக்குப் பொறுமையில்லை. லொரேன் கழுத்தில் தொங்கிய புதுக் கம்பளித் துண்டை இழுத்து, இரண்டு கைகளையும் அழுந்தத் துடைத்தாள். கார் சாவியை எடுத்துக்கொண்டு வேலிக் கதவைத் தாண்டி நடந்தாள்.