பிரேக்குக்கும் கதவுக்கும் தனிக்குடித்தனம்

என் அக்காவின் கணவரை ஒர்க்‌ஷாப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவர் 'நுரை'. லாரியின் காற்றுக் குழாய் எங்கே கசிகிறது என்று பார்க்கச் சோப்புத் தண்ணீர் பாட்டில் ஒன்றை எப்போதும் இடுப்பில் செருகியிருப்பார். சந்தேகப்பட்ட இடத்தில் தெளிப்பார். நுரை கிளம்பினால் அங்கே ஓட்டை. இவருக்குப் பாட்டில் எதற்கு, காதே போதும் என்பார்கள் கூட வேலை செய்கிறவர்கள். நான்கு எஞ்சின்கள் ஓடும் கொட்டகையில் ஐந்தாவது வண்டியின் கசிவு அவருக்குக் கேட்கும். வீட்டில் மட்டும் அக்கா மூன்று தடவை கூப்பிட்டால்தான் "என்னது?" என்பார்.

அத்தானிடம் இன்னொரு பழக்கம் உண்டு. வண்டியின் எந்தப் பாகமும் அவருக்கு 'அவ'தான். கம்ப்ரசர் கோபக்காரி, கிளட்ச் பிடிவாதக்காரி, பேட்டரி சோம்பேறி. அக்கா முதன்முதலில் தான் ஓட்டிய லாரியை அவரிடம் கொண்டுபோன அன்று அவளுக்குக் கடுமையான ஜலதோஷம். வண்டிக்கு அடியிலிருந்து இவர், "ஒண்ணுமில்ல, இவளுக்கு மூக்கு அடைச்சிருக்கு. கழட்டிக் கழுவி மாட்டிட்டா சரியாயிடுவா" என்றிருக்கிறார். அக்கா குனிந்து, "யாரு மூக்கக் கழட்டப்போறீங்க?" என்று கேட்டாள். அவர் சொன்னது காற்று வடிகட்டியை. ஆறு மாதத்தில் கல்யாணம் முடிந்தது.

அக்கா பதினொரு வருடம் அடுத்தவர் லாரியை ஓட்டினாள். மாதத்தில் இருபது நாள் வெளியூர். சாப்பாடு ஸ்டீரிங்கின் மேல், தூக்கம் சீட்டுக்குப் பின்னால். போன வருடம்தான் சொந்த லாரி. இந்த மாதம் அதற்குப் பின்னால் பூட்ட, பழைய டிரெய்லர் ஒன்று வந்து சேர்ந்தது. அடிவயிற்றில் கதவு வைத்தது. கேபினில் ஒரு ஸ்விட்சைத் தட்டினால் காற்றின் பலத்தில் கதவு திறக்கும். வண்டி மெல்ல நகர நகர ஜல்லி தரையில் விரிந்துகொண்டே போகும். ஊருக்கு வெளியே புதிதாகப் போடும் சாலைக்கு இப்படி ஒரு வண்டி வேண்டியிருந்தது. அந்த வேலை கிடைத்தால் ஒரு வருடத்துக்கு அக்கா தினமும் ராத்திரி தன் கட்டிலில் தூங்கலாம். அவள் கேட்டது அவ்வளவுதான்.

முதல் நாள் சோதனை ஓட்டத்தில் மானம் கப்பலேறியது. அக்கா ஸ்விட்சைத் தட்டினாள். கதவு திறந்தது. அதே நொடியில் டிரெய்லரின் பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டு வண்டி குலுங்கி நின்றது. சுமந்து வந்த ஜல்லி முழுவதும் ஒரே இடத்தில் குன்றாகக் குவிந்தது. சாலை மேஸ்திரி அந்தக் குன்றைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.

"ஏம்மா, நான் ரோடு கேட்டேன். நீ மலை கொண்டாந்து வெச்சிருக்க."

"ஒரே ஒரு நாள் குடுங்க, சரிபண்ணிடறேன்."

"நாளைக்குக் காலைல ஏழு மணி. பாய் விரிச்ச மாதிரி விழணும். இல்லேன்னா வேற வண்டி பாத்துக்கறேன்."

வண்டியை ஒர்க்‌ஷாப்பில் அத்தானிடம் விட்டுவிட்டு அக்காவும் நானும் வீட்டுக்கு வந்தோம். சமையலறையில் அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அத்தானின் அம்மா, எங்களுக்கு அத்தை, மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. அக்காவின் கை ஈரம். ஸ்பீக்கரைப் போட்டேன்.

"கேளு டிரைவரம்மா, விஷயம் புரிஞ்சிடுச்சு," அத்தானின் குரல் சமையலறை முழுக்கக் கேட்டது. "ரெண்டு பேரையும் ஒண்ணா வெச்சதுதான் தப்பு. ஒருத்திக்குப் பசி வந்தா மொத்தத்தையும் இழுத்துக்கறா, இன்னொருத்தி மூச்சடைச்சு நின்னுடறா. இத்தன நாள் எப்படித்தான் சமாளிச்சாங்களோ. இன்னிக்கே தனிக்குடித்தனம் வெச்சிடறேன்."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "வெச்சிடுங்க, வெச்சிடுங்க!" என்று துள்ளினாள்.

கத்தி மேஜைமேல் விழும் சத்தம் கேட்டது. அத்தை எழுந்து தன் அறைக்குப் போனார். ஐந்து நிமிடத்தில் ஒரு பையோடு வெளியே வந்து செருப்பை மாட்டினார்.

"ஐயோ அத்தை, அது வண்டி விஷயம்!"

"எனக்கு வண்டியெல்லாம் வேணாம்மா. கால் இருக்கு."

அத்தைக்குக் கோபம் வந்தால் நடை வேகம் பிடித்துவிடும். ஒர்க்‌ஷாப் மூன்று தெரு தள்ளி. கையில் சோப்பு நுரையோடு அக்கா, அவளுக்குப் பின்னால் நான். முன்னால் போகும் அத்தை போனில் தன் சிநேகிதியோடு பேசுவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. "உங்க மாடி ரூம் காலியாத்தானே இருக்கு? காத்தோட்டமா இருக்குமா? ஜன்னல் எத்தன?" இரண்டாவது தெரு முடிவதற்குள் அறை முடிவாகிவிட்டது. விடிந்தால் சோதனை, இப்போது குடும்பமும் சிதறுகிறதே என்று நானும் ஓட்டமெடுத்தேன்.

லாரிக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"டேய், வெளிய வாடா."

அத்தான் தவழ்ந்து வந்தார். "என்னம்மா, பையோட?"

"மூச்சடைச்சு நிக்கறவ யாருடா? நானா, அவளா?"

"அது பிரேக்கும்மா."

"பசிக்காரி?"

"டிரெய்லர் கதவு."

அக்கா டயர்மேல் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். அத்தானுக்குச் சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அத்தை மட்டும் சிரிக்காமல் நின்றார்.

"ரூம் சொல்லிட்டேனே! ரெண்டு ஜன்னலாம்டா. இனிமே அவகிட்ட நான் என்னன்னு சொல்வேன்?" என்றவர், தன் கேள்வி தனக்கே கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "சரி, வந்தது வந்துட்டேன். ஏதாவது வேலை குடு."

அத்தான் விளக்கினார். டிரெய்லரை முன்பு வைத்திருந்த ஆள் சோம்பல்பட்டு, பிரேக்குக்குப் போகும் குழாயிலேயே கதவுக்கும் ஒரு கிளை வைத்திருக்கிறான். கதவைத் திறக்க ஏகப்பட்ட காற்று வேண்டும். அது இழுத்ததும் பிரேக் குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். அழுத்தம் இறங்கினால் குழாய் அறுந்துவிட்டது என்று நினைத்து பிரேக் தானாகப் பிடிக்கும். அதன் பாதுகாப்பே அதுதான். அதனால் அந்தக் கிளையைப் பிடுங்கி, வாயை அடைத்தாகிவிட்டது. இனி கதவுக்கு லாரியிலிருந்தே தனிக் குழாய்.

லாரியின் காற்று டேங்கில் புதிதாகத் துளை போடக் கூடாது. மூடி போட்டுச் சும்மா கிடந்த வாய் ஒன்றைத் திறந்து, அதில் ஒரு காவல் வால்வைப் பொருத்தியிருந்தார். அழுத்தம் எழுபது பவுண்டுக்குக் கீழே இறங்கினால் அந்த வால்வு மூடிக்கொள்ளும்; மிச்சக் காற்று பிரேக்குக்கு மட்டும். வால்வோடு வந்த தாளை எனக்குப் படிக்கக் கொடுத்தார். நான் மூன்று முறை படித்து, அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நான்கு முறை குனிந்து பார்த்தேன்.

"மச்சான், நீ பாக்கற பார்வைல அவ வெக்கப்பட்டுத் திரும்பிக்கப் போறா," என்றார் அத்தான்.

வால்விலிருந்து கேபின் ஸ்விட்சுக்கு ஒரு குழாய். அங்கிருந்து லாரியின் முதுகுக்கு ஒன்று. அங்கே ஏற்கெனவே சிவப்பும் நீலமுமாக டிரெய்லருக்குப் போகும் இரண்டு பிரேக் ஹோஸ்கள் சுருண்டு தொங்கின. கதவுக்கான மூன்றாவதை மஞ்சளில் போட்டார். அதன் மூக்கையும் வேறு அளவில் வைத்தார். அவசரத்தில் யார் மாற்றிச் செருகப் பார்த்தாலும் நுழையாது.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சோதனை. அழுத்தம் ஏறியதும் எஞ்சினை நிறுத்திவிட்டு, மஞ்சள் ஹோஸை வேண்டுமென்றே கழற்றி, ஸ்விட்சைத் தட்டிக் காற்றை வெளியே விட வேண்டும். கதவுக் குழாய் வழியில் அறுந்தால்கூட பிரேக்குக்குக் காற்று மிஞ்சுகிறதா என்று தெரிய வேண்டுமே. அத்தானும் அக்காவும் நானும் வெளியே நிற்க, கேபினில் அளவுமானியைப் பார்க்க அத்தையை ஏற்றிவிட்டோம். பை மடியில்.

"ஸ்ஸ்ஸ்" என்று காற்று கிளம்பியது.

"நூத்திப்பத்து," அத்தை கத்தினார். "நூறு. தொண்ணூறு. ஐயோ, வேகமா இறங்கறாடா! எண்பது. எழுபத்தஞ்சு..."

அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது.

"எழுபது!"

காற்றின் சத்தம் சட்டென்று அறுந்தது.

"நின்னுட்டா! டேய், அசையாம நிக்கறாடா!"

அத்தான் வால்வோரம் சோப்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டு, ஒரு குமிழ்கூட வராத அந்த இடத்தையே சினிமா பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே சாலையின் தொடக்கத்தில் நின்றோம். நான் அக்காவுக்குப் பக்கத்து சீட்டில். அத்தான் கீழே, டிரெய்லரோடு கூடவே நடந்து வருவதற்குத் தயாராக. மேஸ்திரி அளவுக்கோலைத் தோளில் சாய்த்து நின்றார்.

அக்கா வண்டியை நடை வேகத்தில் எடுத்தாள். விரல் ஸ்விட்சின்மேல் ஒரு கணம் தயங்கியது. தட்டினாள்.

பின்னால் கதவு விலகும் சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டு குலுங்கலுக்குக் காத்திருந்தேன். குலுங்கவில்லை. ஜல்லி சரசரவென்று இறங்கும் ஓசை, மழை பிடித்ததுபோல, எங்கள் பின்னாலேயே வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரே அகலமாக, ஒரே கனமாக விரிந்துகொண்டே வந்தது. தூசியில் தலை முதல் கால் வரை வெளுத்துப்போய் அத்தான் கூடவே ஓடிவந்தார். நடக்கிற வேகத்தில் போகும் வண்டிக்கு எதற்கு ஓட்டம் என்று அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

காலியானதும் அக்கா கதவை மூடி வண்டியை நிறுத்தினாள். இறங்கவில்லை. மேஸ்திரி அளவுக்கோலை ஓரிடத்தில் குத்திப் பார்த்தார். இருபதடி தள்ளி இன்னொரு இடம். கடைசியில் நடுவில். பிறகு கேபினுக்குக் கீழே வந்து நிமிர்ந்து பார்த்தார்.

"அடுத்த லோடு எத்தன மணிக்கும்மா?"

"ஒன்பதுக்குள்ள வந்துடுவேன்."

"எட்டரைக்கு வா. உனக்குப் பின்னாடி ரோலர் காத்துக் கிடக்கும்."

அக்கா தலையை ஆட்டினாள். கண்ணாடி வழியாக அத்தானைத் தேடினாள். அவர் விரித்த ஜல்லியின் தொடக்கத்துக்குப் போய்விட்டிருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி, அதன் நட்டநடுவே நடந்து வந்துகொண்டிருந்தார்.

"யோவ்!" மேஸ்திரி கோலை ஆட்டிக் கத்தினார். "இறங்குய்யா! என் ரோட்ட மிதிக்காத!"

அக்கா சிரித்துக்கொண்டே ஹாரனை ஒரு நீள அடி அடித்துவிட்டு, அடுத்த லோடுக்கு வண்டியைத் திருப்பினாள்.